ஒற்றைக்கண் கப்பித்தான் விளையாட்டு

முதலில் ஆட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என்னைத் தெரிந்த யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் ஒரு ஆடு மூன்று ஆடாகிவிடும்.

நான் ஆசிரியனாகி இரண்டாம் வருடம். வடமராட்சிக் கரையில், தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிளில் போய் இறங்கக்கூடிய தூரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கல்விக் கண்காட்சிக்காக முதலாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பழைய பேப்பரை ஊறவைத்து, கோதுமை மாப் பசையில் குழைத்து, கன்றுக்குட்டி அளவில் ஒரு யானை செய்தேன். வெள்ளிக்கிழமை விறாந்தையில் காயவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் யானைக்குப் பின்பக்கம் இல்லை. பக்கத்து வளவு ஆடு ஒன்று வாலை மென்றபடி நின்றது. கோதுமை மா ஆட்டுக்குப் பிடிக்கும் என்பது எந்த ஆசிரியர் வழிகாட்டியிலும் இல்லை.

பத்து மணிக்குக் கல்வி அதிகாரி வந்தார். "இதென்ன மாஸ்ரர்?" என்றார்.

"சேர், இது யானை சுவருக்குள்ளாலை வெளியிலை வாற காட்சி. பின்பக்கம் இன்னும் வந்து சேரேல்லை."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். போகும்போது சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் "ஆக்கத்திறன் மிக்க ஆசிரியர்" என்று எழுதிவிட்டுப் போனார். அன்று எனக்கு ஒன்று பிடிபட்டது: பிழை விட்டாலும் பரவாயில்லை, கையில் ஒரு பகிடி இருந்தால் போதும். முப்பது வருடம் அதை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன்.

ஆரம்பப் பிரிவுக்குப் புதிய ஆசிரியர்களாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். "கைவேலை, சின்னச் சமையல், விளையாட்டு, எல்லாத்தையும் சுவையா எழுதுங்கோ மாஸ்ரர்" என்றார்கள். சுவையாக எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் நான் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆட்டோடு பகிடியை முடித்துக்கொள்கிறேன். முடியுமோ தெரியாது, பழக்கதோசம்.

முதலாம் வகுப்புக்கு ஆம்பிளை வாத்தியார் என்றால் தாய்மார் முதலில் மிரளுவார்கள். என்னையும் வாசலில் வைத்தே அளந்தார்கள். "உவர் பிள்ளையளுக்கு மூக்குத் துடைச்சு விடுவரோ?" என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. துடைத்தேன். துடைத்து, பாட்டுப் பாடி, தவளையாகப் பாய்ந்து, பப்பாளி இலைக் காம்பான பப்பாக் குழலில் ஊதிக் காட்டி, ஒரு தவணைக்குள் ஊரைப் பிடித்துவிட்டேன். "அந்தச் சேரின்ரை வகுப்பெண்டால் பிள்ளை காய்ச்சலோடையும் வெளிக்கிடும்" என்று பேர் வந்தது. அந்தப் பேரில் எனக்கு ஒரு வெறி. எழுத்து, எண், சுத்தம், சுகாதாரம் எல்லாவற்றையும் விளையாட்டாக்கினேன். விளையாட்டாக்க முடியாத ஒரு விசயம் முதலாம் வகுப்பில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சானுஜா வந்த வருடம் என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். தகப்பன் சிறு படகில் கடல் தொழிலுக்குப் போகிறவர். சானுவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. இரட்டைப் பின்னல். பார்க்கும்போது தலையைச் சற்று ஒரு பக்கம் சரித்துப் பார்ப்பாள். நான் அதைக் குறும்புப் பார்வை என்று நினைத்தேன். மாறுகண் இல்லை, கண் சிவப்பில்லை, வெளியில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இதைச் சொல்வது எனக்காக இல்லை, உங்களுக்காக. வெளியில் தெரியாது.

ஒரு நாள் தேசிக்காய்த் தண்ணி செய்தோம். முதலாம் வகுப்பில் அதுதான் பெரிய சமையல். அடுப்பில்லை, கத்தி என்னிடம். பிள்ளைகள் பிழிவார்கள், விதை பொறுக்குவார்கள், சீனி அளந்து போட்டுக் கலக்குவார்கள், கடைசியில் போத்தலிலிருந்து கிளாசுக்குள் வார்ப்பார்கள். எண்ணல், அளத்தல், கை கண் இணக்கம் எல்லாம் இதில் வருகிறது என்று பாடக்குறிப்பில் எழுதுவோம். கை கண் இணக்கம் என்ற சொல்லை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். வடிவான கையெழுத்தில்.

சானு வார்த்தாள். தண்ணி கிளாசுக்கு முன்னால், நாலு விரல் தள்ளி, மேசையில் விழுந்து வழிந்தது. அவள் நிறுத்தவில்லை. கிளாசுக்குள்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டே வார்த்தாள்.

நான் கையைத் தட்டினேன். "பாத்தியளே பிள்ளையள்! சானுவுக்கு எவ்வளவு இரக்கம் எண்டு. நிலத்துக்கும் தாகமெண்டு அதுக்கும் ஒரு கிளாஸ் குடுக்கிறா!"

வகுப்பு உருண்டது. சானு ஒரு கணம் கிளாசைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது பயம். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். பிறகு அவளும் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாளே என்று எனக்கும் நிம்மதி.

அடுத்த கிழமை பூக்கன்றுக்குத் தண்ணி விடும்போது தகரப் பேணித் தண்ணி முழுவதும் சாடிக்கு வெளியே போனது. நான் வாயைத் திறக்கமுன்னம் அவளே சொன்னாள்: "நிலத்துக்குத் தாகம், சேர்!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை. என் வாரிசு என்று நினைத்தேன். ஐந்தரை வயதுப் பிள்ளை என்னிடமிருந்து என்ன படித்துக்கொண்டது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். தெரியாததை மறைக்கப் படித்துக்கொண்டாள்.

பப்பாக் குழலைத் துண்டாக வெட்டி மாலை கோக்கும் வேலை கொடுத்தேன். சானு ஒரு துண்டும் கோக்கவில்லை. ஆனால் அவளிடம் மூன்று மாலை இருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லி, "நீ கோத்துத் தந்தால்தான் மிச்சம் சொல்லுவன்" என்று வேலை வாங்கியிருக்கிறாள். அவளுடைய அவதானிப்புப் படிவத்தில் நான் எழுதினேன்: "தலைமைத்துவப் பண்பு உண்டு."

பகிடிக்கு எழுதவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் வகுப்பு ரீச்சர் என்னைவிட இளையவர். அதிகம் கதைக்கமாட்டார். இடைவேளையில் ஒரு நாள் வந்தார்.

"சேர், உங்கடை சானுஜா படியாலை இறங்கேக்கை காலாலை தடவித் தடவி இறங்குறா. கவனிச்சனீங்களே?"

"அவ கடல்காரன்ரை மகள், ரீச்சர். தரையிலை நடந்து பழக்கமில்லை."

அவர் சிரிக்கவில்லை. "உங்களோடை ஒரு விசயம் கதைக்கேலாது சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் ஆசிரியர் அறையில் அதையும் ஒரு பகிடியாகச் சொன்னேன்.

இனித்தான் கப்பித்தான் வருகிறார்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு முன்னம் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு படிவத்தோடு ஒரு அட்டையைத் தந்தார். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று பல்லுள்ள சீப்புப் போல ஒரு குறி, மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே போகப்போகச் சின்னதாகும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிள்ளை கையால் காட்டவேண்டும்.

"நாங்கள் வாற கிழமை வருவம் மாஸ்ரர்," என்றார் அவர். "அதுக்கு முதல் நீங்கள் ஒருக்காப் பாத்து, சந்தேகமான பிள்ளையளின்ரை பேரைக் குறிச்சு வையுங்கோ. அவையை நாங்கள் திருப்பி வடிவாப் பாப்பம். ஒராள் ஒராளா, தனியப் பாக்கவேணும். ஒரு கண்ணை முழுக்க மறைச்சு மற்றக் கண்."

"ஓமோம், அதை என்னட்டை விடுங்கோ" என்றேன்.

ஒராள் ஒராளாகத் தனியவா? அது ஆஸ்பத்திரி வேலை. என் வகுப்பில் அப்படி நடந்தால் என் பேர் என்னாவது? புடவைக் கடைப் பெட்டி மட்டையை வெட்டி, கரியும் பசையும் கலந்து கறுப்படித்து, இலாஸ்ரிக் கோத்து, ஆளுக்கொரு கண் மறைப்புச் செய்வித்தேன். இருபத்திரண்டு மறைப்பு. அரைநாள் கைவேலை. பேப்பர்த் தொப்பியும் உண்டு. ஒற்றைக்கண் கப்பித்தான்மார்! விறாந்தை கப்பல், என் கதிரை கப்பித்தானின் இருக்கை, தூரத் தூணில் அந்த அட்டை எதிரிக் கப்பலின் கொடி. ஒரு பிள்ளை கதிரையில் ஏற, மற்றவர்கள் மாலுமிகள். வலம் இடம் இன்னும் சரியாகத் தெரியாத வயது என்பதால் திசையையும் நானே மாற்றினேன்: மேலே, கீழே, கடல் பக்கம், றோட்டுப் பக்கம்.

"கப்பித்தான்! கொடியின்ரை பல் எந்தப் பக்கம்?"

கப்பித்தான் வாயைத் திறக்கமுதல் இருபத்தொரு மாலுமிகள் கத்துவார்கள்: "கடல் பக்கம்!" கப்பித்தானும் கத்துவார்: "கடல் பக்கம்!" நான் படிவத்தில் சரி போடுவேன். பள்ளிக்கூட அதிபர் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துச் சிரித்தார். றோட்டால் போன சனம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தது. அவ்வளவு வடிவான பாடம் நான் அதற்கு முன்னும் நடத்தவில்லை, பின்னும் நடத்தவில்லை.

சானு ஏறினாள். மறைப்பு இடது கண்ணில். மாலுமிகள் கத்துவதற்கு முன்பே, கடைசிக் குட்டிச் சீப்பு வரை சொன்னாள். "கெட்டிக்காரி! இப்ப மற்றக் கண்" என்றேன். மறைப்பை வலது கண்ணுக்கு மாற்றி மாட்டிவிட்டேன்.

"கப்பித்தான்! கொடி எந்தப் பக்கம்?"

தலையை ஒரு பக்கம் சரித்தாள், மறுபக்கம் சரித்தாள். மாலுமிகள் கூடக் கத்த மறந்து அவளையே பார்த்தார்கள். பிறகு அவள், "சேர், கப்பித்தான் நித்திரை!" என்று சொல்லிக் கதிரையின் கையில் தலையைப் போட்டுக் குறட்டை விட்டாள்.

விறாந்தை இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"கப்பித்தான் நித்திரையெண்டால் மாலுமியள் சொல்லுங்கோவன்!"

"றோட்டுப் பக்கம்!"

சானு துள்ளி எழும்பினாள். "றோட்டுப் பக்கம்!"

சரி போட்டேன்.

இருபத்திரண்டு பேருக்கும் சரி. கீழே கையெழுத்து வைத்தேன். சந்தேகமான பிள்ளைகளின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு கீறினேன். அடுத்த கிழமை வந்தவர்கள் பல் பார்த்தார்கள், நிறை பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். கண்ணுக்கு என் படிவத்தைப் பார்த்தார்கள். ஒரு பெயரும் இல்லை. ஏன் நம்பக்கூடாது? நல்ல வாத்தியார் என்று பேர் எடுத்த ஆள்தானே.

சின்னப் பள்ளிக்கூடம் என்பதால் அந்த வகுப்பு என்னோடேயே மேலே வந்தது. சானு நன்றாக வாசித்தாள், கணக்குச் செய்தாள். வலது கண் நல்ல கண். இரண்டு கண்ணின் வேலையையும் அது ஒன்றே பார்த்தது. பந்து பிடிக்கத் தெரியாது. எறிந்தால் குனிந்துவிட்டு, "பந்துக்கு என்னோடை கோவம்" என்பாள். வகுப்பில் என்னைவிடப் பெரிய பகிடிக்காரி அவள்தான்.

நாலாம் வகுப்பு. முதலாம் வகுப்புக்குப் பிறகு நாலாம் வகுப்பில்தான் அடுத்த பரிசோதனை; அதற்கு ஆட்கள் இன்னும் வரவில்லை. ஊரில் கண்நோய் பரவியது. சானுவுக்கு வலது கண் வீங்கி முழுதாக மூடிக்கொண்டது. கண்நோய் என்றால் வீட்டில் நிற்கவேண்டும். ஆனால் அன்று பழச்சாலட் செய்வோம் என்று நான் சொல்லியிருந்தேன். என் வகுப்பென்றால் காய்ச்சலோடும் வருவார்கள் என்றேனே. தமையன் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தாள். பிள்ளைகள் இருக்கும் வாங்கில் முட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"என்ன சானு, இண்டைக்கு என்ன நாடகம்?"

"நாடகமில்லை சேர்." குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். "கடல் பக்கம்" என்று ஒருவன் கத்தினான்.

"உண்மையா சேர். முகம் தெரியேல்லை. வீட்டிலையும் சொன்னனான். அம்மா, பகிடி விடாதை எண்டு குட்டினவ."

வகுப்பை இருக்கச் சொன்னேன். சோக்கை எடுத்துக் கரும்பலகையில் என் முழங்கையளவு பெரிய சீப்பு ஒன்று கீறினேன். அவளைக் கொண்டுவந்து நாலடி தள்ளி நிறுத்தினேன்.

"சீப்பின்ரை பல் எந்தப் பக்கம், அம்மா?"

தலையை ஒரு பக்கம் சரித்தாள். மறுபக்கம் சரித்தாள்.

"சீப்பு எங்கை, சேர்?"

யாரும் கத்தவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னம் கேட்டிருக்கவேண்டிய பதில் அன்றுதான் எனக்குக் கேட்டது.

கண்நோய் மாறியதும் கண் கிளினிக்குக்குத் தாயோடு நானும் போனேன். தகப்பன் தொழிலுக்குப் போயிருந்தார். டொக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சானுவை வெளியில் இருத்திவிட்டு எங்களுக்கு விளக்கினார். பிறந்தது முதலே இடது கண்ணின் பார்வை குறைவு. மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிட்டது. சோம்பல் கண் என்பார்களாம். சோம்பேறி என்ற பேரைக் கண்ணுக்கு வைத்திருக்கிறார்கள்.

"முதலாம் வகுப்பிலை கண் பாத்திருப்பினமே?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர்," என்றாள் தாய். "சேர்தான் பாத்தவர். சரியெண்டு எழுதினவர்." அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சேர் பார்த்தால் சரியாகத்தான் இருந்திருக்கும், அதற்குப் பிறகுதான் ஏதோ வந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னாள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த பேனையைப் பார்த்தேன்.

"இதுக்கு வைத்தியம் பெரிய விசயமில்லை," என்றார் அவர். "கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் மறைச்சு விடுறது. அப்ப மற்றக் கண் வேலை செய்யப் பழகும். அஞ்சாறு வயதிலை பிடிச்சிருந்தால் நல்லா வந்திருக்கும். இப்பவும் செய்வம். ஆனால் பெரிசா எதிர்பாக்காதையுங்கோ."

நல்ல கண்ணை மறைப்பது. வலது கண்ணில் கறுப்பு மட்டை. மூன்று வருடத்துக்கு முன்னம் அதை வெட்டி, இலாஸ்ரிக் கோத்து, என் கையால் அந்தப் பிள்ளையின் தலையில் மாட்டியவன் நான்தான். மாட்டிய கையோடு அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவனும் நான்தான்.

எதிர்பார்க்காமல்தான் செய்தார்கள். தாய் ஒரு நாளும் தவறவிடவில்லை. மாதக்கணக்கில் மறைத்ததில், முன்பு தெரியாத பெரிய சீப்பு மங்கலாகத் தெரியத் தொடங்கியது. அதோடு நின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு கண்தான், அதற்கும் ஏதாவது நடந்துவிட்டால் என்று தாய்க்குப் பயம் பிடித்தது. கத்தரிக்கோல் கூடாது. பந்து கூடாது. கடற்கரை மணலில் விளையாடக் கூடாது. இடைவேளையில் மற்றவர்கள் ஓட, சானு விறாந்தைச் சுவர்க்கட்டில் குந்தியிருந்து பார்த்தாள். விளையாட்டு வாத்தியார் என்று பேர் எடுத்த என் கையால் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு நின்றது.

அதிபரிடம் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "விடுங்கோ மாஸ்ரர், பழைய ஃபோம். ஆர் இனிப் பாக்கப்போகினம்?" என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம் எனக்கு ஒரு கிழமை போதுமாக இருந்தது. பிறகு போதவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கரைக்குப் போனேன். சானுவின் தகப்பன் படகுக்குப் பக்கத்தில் இருந்து வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ தம்பி. ஒரு விசயம் சொல்ல வந்தனான்."

போகும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடி போனேன். வாயில் வந்ததெல்லாம் பகிடியாகவே வந்தது. அதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"முதலாம் வகுப்பிலை நான் சானுவின்ரை கண்ணைப் பாக்கேல்லை. பாத்ததெண்டு எழுதினனான். ஆனால் பாக்கேல்லை. விளையாட்டா வைச்சனான். பிள்ளையள் எல்லாரும் சேர்ந்து கத்திச்சினம். அவவும் கத்தினவ. நான் எல்லாருக்கும் சரி போட்டன்."

அவர் ஒரு நண்டின் காலை நூலிலிருந்து மெதுவாக விடுவித்தார். நூல் அறாமல், கால் முறியாமல்.

"அவள் தனிய ஒண்டும் சொல்லேல்லையோ?"

"நித்திரை எண்டு சொன்னவ."

"நித்திரையோ?"

"கப்பித்தான் நித்திரை எண்டு... பகிடியா."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"சிரிச்சனான்."

நண்டைக் கூடைக்குள் போட்டார். அடுத்ததை எடுத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கடலைப் பார்த்தார், வலையைப் பார்த்தார்.

"பிள்ளை வீட்டை வந்தால் உங்கடை கதைதான் சேர். சேர் இப்பிடிச் சொன்னவர், அப்பிடிச் சொன்னவர். நாங்களும் இருந்து சிரிப்பம்." அவர் குரல் உயரவேயில்லை. "இனி அவளோடை பகிடி விடாதையுங்கோ."

"ஓம்" என்றேன்.

தண்டனை கேட்டுப் போனவனுக்கு அது கிடைத்தது. அதன் பாரம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்களுக்கு இதில் என்ன சொல்ல? விளையாட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மட்டையை வெட்டுங்கள், மாவைக் குழையுங்கள், தேசிக்காய் பிழியுங்கள். அது இல்லாத வகுப்பு வகுப்பே இல்லை. ஆனால் வருடத்தில் ஒரு சில நேரம், ஒரு பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டு, மற்றவர்களின் சத்தம் கேட்காத இடத்தில் வைத்து, நீங்கள் வாயை மூடிக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டி வரும். அது சலிப்பான வேலை. யாரும் சைக்கிளை நிறுத்திப் பார்க்கமாட்டார்கள். ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பகிடி விட்டால், சிரித்துவிட்டுப் போகாமல், அந்தப் பகிடிக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். இதை வாசித்தும் நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று பயமாகவும் இருக்கிறது. முப்பது பிள்ளைகள், பத்துப் படிவம், நாளைக்குக் கண்காட்சி, இன்றைக்கு மேற்பார்வை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்குச் சொல்லவும் ஒரு ரீச்சர் இருந்தார். நான் கேட்டேனா?

தகப்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். சானுவோடு பகிடி விடவில்லை. கொப்பி திருத்தினேன், சொல்வதெழுதல் சொன்னேன், கண்ணாடியைத் துடைத்துப் போடச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளோடு முந்திப் போலத்தான். அவர்களை என்ன செய்வது? அந்த வருடத்தோடு எனக்கு ஓய்வு. கடைசித் தவணையில் ஒரு நாள், பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, சானு புத்தகப்பையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், என்னோடை கோவமே?"

"இல்லை அம்மா. ஏன்?"

"மற்றவையோடையெல்லாம் பகிடி விடுறியள். என்னோடை மட்டும் விடுறேல்லை."

ஆட்டுக்கும் அதிகாரிக்கும் நொடியில் பதில் சொன்ன வாய் இது. தகப்பன் சொன்னார் என்று சொல்லமுடியாது. ஏன் சொன்னார் என்று அதைவிடச் சொல்லமுடியாது. மேசையில் இருந்த கொப்பிகளை எடுத்து அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன். அவள் தலையைச் சரித்தபடி கொஞ்ச நேரம் காத்து நின்றாள்.

"சரி சேர்," என்றாள். "இனி நான் குழப்படி செய்யமாட்டன்."

நான் ஓம் என்று தலையாட்டினேன்.